பழைய கார்டும் புதிய கார்டும்: 969 ஃபிரேம்களில் தொடங்கிய ஒப்பீடு

1997-இல் கணினியில் குவேக் என்ற கேமை விளையாடியவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. விசைப்பலகையின் இடது மேல் மூலையில், எஸ்கேப் விசைக்கு நேர் கீழே இருக்கும் விசையைத் தட்டுவார்கள். திரையின் மேல்பாதியில் பழுப்பு நிறப் பலகை ஒன்று இறங்கும். அதில் ‘டைம்டெமோ டெமோ1’ என்று அடித்து என்டர் தட்டினால், முன்பே பதிவு செய்து வைத்த ஆட்டம் ஒன்று தலைதெறிக்க ஓடி முடியும். கடைசியில் பலகையில் ஒரே ஒரு வரி வரும்: 969 ஃபிரேம்கள், எடுத்துக்கொண்ட விநாடிகள், விநாடிக்கு எத்தனை ஃபிரேம்.

ஒரு ஃபிரேம் என்பது முழுத் திரைக்கான ஒரு படம். அந்த 969 யாருடைய கணினியிலும் மாறாது. மாறுவது விநாடிக் கணக்கு மட்டும்தான். 48 விநாடியில் முடித்த கணினி விநாடிக்கு 20 படங்கள் வரைந்திருக்கிறது. 24 விநாடியில் முடித்தது 40 படங்கள் வரைந்திருக்கிறது. இரண்டு பேர் தங்கள் கணினிகளைப் பற்றிப் பேச அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1996-இல், 3டிஎஃப்எக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வூடூ சிப் கொண்ட கிராபிக்ஸ் கார்டுகள் கடைக்கு வந்திருந்தன. சிப்பின் வேகம் 50 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 4 எம்பி. முப்பரிமாணக் காட்சியைத் தவிர அதற்கு வேறு எதுவும் வரைய வராது. விண்டோஸ் திரையைக் காட்டக் கணினியில் இன்னொரு சாதாரணக் கார்டு இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு குட்டைக் கேபிள் வெளியே வந்து வூடூவின் முதுகில் நுழையும்; அங்கிருந்து மற்றொரு கேபிள் மானிட்டருக்குப் போகும். கேமைத் தொடங்கியதும் பல கார்டுகளில் ‘டிக்’ என்று ரிலே மாறும் ஓசை கேட்கும். வூடூ இல்லாத கணினிகளில் குவேக் வழக்கமாக 320க்கு 200 என்ற அளவில், கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அந்த ‘டிக்’ கேட்ட கணினிகளில் 640க்கு 480 அளவில், சுவரின் கல் வழவழவென்று தெரிந்தது. 64,000 புள்ளிகள் இருந்த இடத்தில் 3,07,200 புள்ளிகள். ஏறத்தாழ 5 மடங்கு வேலை. அப்படியிருந்தும் படம் தடங்கலில்லாமல் ஓடியது.

அன்றைக்கு ஒப்பீடு எளிது. ஒரே ஆட்டம், ஒரே பாதை, ஒரே எண். இன்று 2017-இல் வந்த கார்டையும் 2023-இல் வந்த கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘எது வேகம்?’ என்று கேட்டால், ‘எந்த வேலையில்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. இனி வரும் கேம்கள் எதைக் கேட்கும் என்று அந்தந்த ஆண்டின் பொறியாளர்கள் போட்ட கணக்கைத்தான் ஒவ்வொரு கார்டும் தன் சிப்பில் சுமந்துகொண்டிருக்கிறது. பழையதையும் புதியதையும் ஒப்பிடுகிறவர் உண்மையில் அந்த இரண்டு கணக்குகளையும் பிரித்துப் படிக்கிறார்.

நடவு வயலில் ஒரு சிப்

ஃபுல் எச்டி திரையில் 1,920க்கு 1,080, அதாவது 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. விநாடிக்கு 60 படம் என்றால் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கண்டுபிடித்தாக வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் பல கேள்விகள்: அது எந்தப் பொருளின் மேல் விழுகிறது, அந்தப் பொருளின் மேல் எந்தப் படம் ஒட்டியிருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நிழல் உண்டா? 4கே திரையில் புள்ளிகள் சரியாக 4 மடங்கு.

தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் கணக்கும் கடினமில்லை. ஒரு புள்ளியின் கணக்கு பெரும்பாலும் பக்கத்துப் புள்ளிக்காகக் காத்திருப்பதும் இல்லை. நெல் நடவு போன்ற வேலை இது. எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் ஒற்றை ஆளாக ஒரு ஏக்கரை நட்டு முடிக்கப் பல நாளாகும். வரிசையாக இறங்கிய 20 பேர் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுவார்கள். கணினியின் மையச் செயலியில் இருப்பவர்கள் கைதேர்ந்த சிலர். கிராபிக்ஸ் சிப்பில் இருப்பது அந்த நடவு வரிசை.

வயலை மனதில் வைத்துக்கொண்டால் கார்டுப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள் எல்லாம் புரியத் தொடங்கும். கோர்களின் எண்ணிக்கை என்பது நடவு ஆட்களின் எண்ணிக்கை. மெகாஹெர்ட்ஸ் என்பது கையின் வேகம். கார்டின் சொந்த நினைவகம், வரப்பில் அடுக்கி வைத்த நாற்றுமுடிகள். விநாடிக்கு இத்தனை ஜிபி என்று சொல்லும் நினைவக வேகம், வரப்பிலிருந்து முடிகள் ஆட்களின் கைக்கு வந்து சேரும் வேகம். சிப்புக்குள்ளேயே இருக்கும் கேஷ், வயலுக்குள் ஆங்காங்கே முன்கூட்டியே வீசி வைத்த முடிகள். ஆட்கள் எத்தனை பேர் இருந்தாலும் முடி வந்து சேராவிட்டால் சேற்றில் நிமிர்ந்து நிற்க வேண்டியதுதான்.

1999 அக்டோபரில் வந்த ஜீஃபோர்ஸ் 256 கார்டை உலகின் முதல் ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் செயலி, என்று என்விடியா நிறுவனம் விளம்பரப்படுத்தியது. 120 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 4 புள்ளிகளை ஒரே நேரத்தில் முடிக்கும். விநாடிக்கு 48 கோடிப் புள்ளிகள். பொருள்களின் மூலைகளை இடம்பெயர்க்கும் கணக்கையும் ஒளிக் கணக்கையும் மையச் செயலியின் தலையிலிருந்து இறக்கித் தன் தலையில் ஏற்றிக்கொண்டது அதன் பெரிய மாற்றம். 2001-இன் ஜீஃபோர்ஸ் 3-இல், புள்ளியின் நிறத்தை எப்படிக் கணக்கிடுவது என்று கேமை எழுதுகிறவரே சிறு நிரல் எழுதித் தர முடிந்தது. ஆனாலும் மூலைகளைக் கவனிக்கும் ஆட்கள் வேறு, புள்ளிகளைக் கவனிக்கும் ஆட்கள் வேறு. நாற்று பறிப்பவர் நடமாட்டார், நடுபவர் பறிக்கமாட்டார் என்ற ஏற்பாடு. 2006 நவம்பரில் வந்த ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் அதை மாற்றியது. அதில் இருந்த 128 கணக்கு அலகுகளும் எந்த வேலைக்கும் போகும். இன்று ஆயிரக்கணக்கில் எண்ணப்படும் கோர்கள் அந்த 128-இன் வழிவந்தவை.

மேசையில் இரண்டு கார்டுகள்

2017 மார்ச்சில் 699 டாலர் விலையில் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ அந்த நேரத்தில் கேம் விளையாடுவோருக்கான உச்ச வரிசைக் கார்டு. 2023 ஜூன் இறுதியில் 299 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4060 நடுத்தரக் கார்டு. 6 ஆண்டுகள் இடைவெளியுள்ள இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால், கையில் எடுத்த உடனேயே வேறுபாடு தெரியும். பழையது மின்சாரத்துக்கு 6 முனை, 8 முனை என்று இரண்டு இணைப்புகள் கேட்கும். புதியதன் பெரும்பாலான மாதிரிகளுக்கு 8 முனை ஒன்று போதும். பழையதன் சிப் 471 சதுர மில்லிமீட்டர். புதியதன் சிப் 159 சதுர மில்லிமீட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்கு. அந்தச் சிறிய பரப்பில்தான் டிரான்சிஸ்டர்கள் அதிகம்: பழையதில் 1,200 கோடி, புதியதில் 1,890 கோடி. ஒரு சதுர மில்லிமீட்டரில் அன்று சுமார் 2.5 கோடி டிரான்சிஸ்டர்கள் அமர்ந்தன. இன்று ஏறத்தாழ 12 கோடி.

இனி ஆட்களை எண்ணலாம். 1080 டிஐ-இல் 3,584 கோர்கள், அறிவித்த உச்ச வேகம் 1.582 கிகாஹெர்ட்ஸ். 4060-இல் 3,072 கோர்கள், 2.46 கிகாஹெர்ட்ஸ். ஒரு கோர் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் செய்யும் என்பதால் கோர்களை வேகத்தாலும் பிறகு இரண்டாலும் பெருக்கினால் கணக்குத் திறன் வரும். பழையது விநாடிக்கு 11.3 லட்சம் கோடிக் கணக்குகள், புதியது 15.1 லட்சம் கோடி. காகிதத்தில் புதியது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம்.

ஆனால் ஒளியைக் கதிர் கதிராகப் பின்தொடர்வது முதலிய புதிய உத்திகள் இல்லாத கேம்களில், ஃபுல் எச்டி திரையில், அந்த மூன்றில் ஒரு பங்கு முழுதாக வருவதில்லை. புதியது சற்று முன்னால் ஓடும், அவ்வளவுதான். திரை 4கே ஆகும்போது அந்த இடைவெளியும் சுருங்கும்.

காரணம் கோர்களைத் தாண்டி இருக்கிறது. பரப்புகளின் மேல் ஒட்ட வேண்டிய படங்களை எடுத்துத் தரும் டெக்ஸ்சர் அலகுகள் பழையதில் 224, புதியதில் 96. முடிந்த புள்ளியை நினைவகத்தில் எழுதும் அலகுகள் 88-க்கு 48. நினைவக வேகம் விநாடிக்கு 484 ஜிபிக்கு 272 ஜிபி. நல்ல குளிர்ச்சி கிடைத்தால் 1080 டிஐ அறிவித்த வேகத்தைத் தாண்டி ஓடுவதும் வழக்கம். இவ்வளவு பின்தங்கிய 4060 எப்படி முன்னால் வருகிறது? வயலுக்குள் வீசி வைத்த முடிகளால். பழைய சிப்பின் இரண்டாம் நிலைக் கேஷ் 3 எம்பிக்கும் குறைவு. புதியதில் 24 எம்பி. அடிக்கடி வேண்டியது கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பதால் வரப்புக்கு ஓடும் தேவை குறைகிறது. 4கே திரையில் வேலை 24 எம்பிக்குள் அடங்காமல் வழியும்போது குறுகிய வரப்புப் பாதை தன் குணத்தைக் காட்டிவிடுகிறது.

புதியதன் உண்மையான வெற்றி மின்மீட்டரில் இருக்கிறது. 1080 டிஐ-க்கு 250 வாட், 4060-க்கு 115 வாட். இரண்டும் முழுப் பளுவில் தினம் 4 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டால், 135 வாட் வேறுபாடு நாளுக்கு அரை யூனிட்டுக்கு மேல், ஆண்டுக்கு ஏறத்தாழ 197 யூனிட். ஏறக்குறைய அதே படத்தை வரையப் பாதிக்கும் குறைவான மின்சாரம் போதும் என்பதுதான் 6 ஆண்டு கால சிப் தயாரிப்பு முன்னேற்றத்தின் நேரடிப் பலன்.

நாற்றங்கால் தூரத்தில் இருந்தால்

நினைவக வேகம் ஒன்று, நினைவக அளவு வேறொன்று. 1080 டிஐ-இல் 11 ஜிபி. 6 ஆண்டு இளையதான 4060-இல் 8 ஜிபி. கேமுக்குத் தேவையானது கார்டின் நினைவகத்துக்குள் அடங்கும்வரை இந்த வேறுபாடு கண்ணில் படாது. அடங்காத நிமிடத்தில் மீதியைக் கணினியின் பொது நினைவகத்திலிருந்து கொண்டுவர வேண்டும். வரப்பில் முடி தீர்ந்து, தூரத்து நாற்றங்காலுக்கு வண்டி அனுப்புவது போல.

அந்த வண்டிப்பாதையில் இன்னொரு சிக்கல் உண்டு. 4060 மதர்போர்டுடன் பேச 8 தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறை பிசிஐ இணைப்புள்ள புதிய மதர்போர்டில் அது விநாடிக்குச் சுமார் 16 ஜிபி. மூன்றாம் தலைமுறை இணைப்பு மட்டுமே உள்ள பழைய மதர்போர்டில் சுமார் 8 ஜிபி. பழைய கணினிக்குப் புது உயிர் கொடுக்க 4060 வாங்குகிறவருக்கு, நினைவகம் நிரம்பி வழியும் நேரத்தில், 272 ஜிபி வேகத்தில் வர வேண்டியது 8 ஜிபி வேகத்தில் வரும். 16 தடங்களுள்ள 1080 டிஐ அதே பழைய மதர்போர்டில் 16 ஜிபி வேகத்தில் பேசும்.

2023-இன் தொடக்கத்தில் கணினிக்கு வந்த ஹாக்வார்ட்ஸ் லெகசி, தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 1 ஆகிய கேம்கள் வெளியான புதிதில் இதைத் தெளிவாகக் காட்டின. உச்ச செட்டிங்கில் 8 ஜிபி கார்டுகள் திணறின; ஒன்றில் சுவர்ப் படங்கள் மங்கலாகவே நின்றன, மற்றொன்றில் ஓட்டம் விட்டு விட்டு வந்தது. பிறகு வந்த திருத்தங்கள் நிலைமையைச் சீராக்கின. அதுவரை, கணக்குத் திறன் அதிகமுள்ள கார்டு இடமில்லாமல் தடுமாற, குறைந்த கார்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கேம் உலகத்துக்கு வெளியிலும் இந்த இடப்பற்றாக்குறை ஒரு வரலாற்றுத் தருணத்தில் தலைகாட்டியது. 2012-இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹின்டன் மூவரும் படங்களை அடையாளம் காணும் அலெக்ஸ்நெட் என்ற நரம்பு வலையைப் பயிற்றுவித்தார்கள். அவர்களிடம் இருந்தவை கேம் விளையாடுவதற்கான ஜிடிஎக்ஸ் 580 கார்டுகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 3 ஜிபி. வலை ஒரு கார்டில் அடங்கவில்லை. அதை இரண்டாகப் பிரித்து, ஆளுக்குப் பாதியாக இரண்டு கார்டுகளிலும் ஏற்றி, 5 முதல் 6 நாள் ஓடவிட்டார்கள். இன்றைய 8 ஜிபி கார்டில் அந்த வலை பிரிக்காமலேயே அடங்கும்.

சராசரி மறைக்கும் அரை விநாடி

குவேக் தந்த ஒற்றை எண்ணில் ஒரு குறை இருந்தது. அது சராசரி. ஒரு விநாடியில் 60 படங்கள் வந்தன என்று சொல்லும். அவை எப்படி வந்தன என்று சொல்லாது. 59 படங்கள் தலா 10 மில்லிவிநாடியில் வந்து, கடைசிப் படம் 410 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் சரியாக ஒரு விநாடி, 60 படங்கள். விளையாடுகிறவரோ கிட்டத்தட்ட அரை விநாடி உறைந்த திரையைப் பார்த்திருப்பார்; எதிரி அதற்குள் சுட்டு முடித்திருப்பான்.

2011-இல் தி டெக் ரிப்போர்ட் இணையதளத்தின் ஸ்காட் வாசன் இந்தக் குறையை விரிவாக எழுதினார். விநாடிக்குள் புகுந்து, ஒவ்வொரு படமும் எத்தனை மில்லிவிநாடி எடுத்தது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். துறை அதை ஏற்றுக்கொண்டது. இன்று கார்டுகளைச் சோதிப்பவர்கள் சராசரியோடு, மிக மெதுவாக வந்த 1 சதவீதப் படங்களின் வேகத்தையும் தனியாகக் கொடுக்கிறார்கள். நினைவகம் நிரம்பி வழியும் கார்டு முதலில் மாட்டிக்கொள்வது அந்த எண்ணில்தான்.

சோதனைக்குக் கணினியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். கார்டு வரைவதற்கு முன், எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று மையச் செயலி பட்டியல் போட்டுத் தர வேண்டும். செயலி விநாடிக்கு 70 பட்டியல்தான் தரும் என்றால், 90 வரையும் கார்டும் 200 வரையும் கார்டும் 70 என்றே காட்டும். அதனால் சோதிப்பவர்கள் கிடைப்பதிலேயே வேகமான செயலியைப் போட்டு, எல்லாக் கார்டுகளையும் அதே கணினியில் ஓட்டுகிறார்கள். வீட்டில் இருக்கும் பழைய கணினியில் அந்த முடிவு அப்படியே வராததற்குக் காரணமும் இதுதான்.

பழைய கார்டுக்கு இன்னொரு நியாயமும் செய்ய வேண்டியிருக்கிறது. பல ஆண்டு ஓடிய கார்டின் உலோக இதழ்களுக்கிடையே தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். சிப்புக்கும் உலோகத்துக்கும் இடையே தடவிய வெப்பப் பசை காய்ந்து வெடித்திருக்கும். சூடு ஏறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியே எடுத்துச் சோதித்தால் கிடைப்பது தூசியின் அளவீடு. நான்கு திருகுகளைக் கழற்றி, பழைய பசையைத் துடைத்து, புதிதாக ஒரு துளி வைத்து மூடிய பிறகே 2017-இன் கார்டு 2017-இல் ஓடியதுபோல் ஓடும்.

கதிருக்கு முகவரி தேடுதல்

இதுவரை சொன்னதெல்லாம் பழைய முறைக் கேம்களுக்கு. 2018 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை வந்தபோது என்விடியா புதிய கணக்கு ஒன்றைப் போட்டது. ஒளி நிஜத்தில் செல்வதுபோல் கதிர் கதிராகப் பின்தொடர்ந்து வரையும் ரே டிரேசிங் இனி கேம்களுக்குள் வரும் என்பது அந்தக் கணக்கு.

ஒரு காட்சியில் லட்சக்கணக்கான முக்கோணங்கள் இருக்கும். ஒரு கதிர் அவற்றில் எதில் மோதும் என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தபால் பிரிப்பதுபோல் பிரிக்க வேண்டும். முதலில் மாவட்டம், பிறகு ஊர், பிறகு தெரு, கடைசியில் வீடு. காட்சி முழுவதையும் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி வைத்திருப்பார்கள். பெரிய பெட்டியை ஒரு கதிர் தொடவில்லை என்றால் உள்ளே இருக்கும் ஆயிரம் முக்கோணங்களையும் ஒரே அடியில் தள்ளிவிடலாம். பெட்டியைத் தொட்டதா, முக்கோணத்தைத் தொட்டதா என்ற இந்த இரண்டு கேள்விகளுக்கு மட்டுமே பதில் சொல்லும் தனிச் சுற்றுகளை 20 வரிசை சிப்பில் வைத்தார்கள். 1080 டிஐ-இல் அவை இல்லை. அங்கே நடவு ஆட்களே தபாலையும் பிரிக்க வேண்டும். என்விடியா தந்த கணக்கின்படி 1080 டிஐ விநாடிக்கு 110 கோடிக் கதிர்களைப் பின்தொடரும். ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ 1,000 கோடிக்கு மேல்.

2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள் கேம் இந்தச் சுற்றுகளைக் கட்டாயமாக்கியது. அது கேட்கும் குறைந்தபட்ச என்விடியா கார்டு ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். பழைய முறைக் கேம்களில் 1080 டிஐ அந்தக் கார்டை முந்திவிடும். இந்தக் கேமில் அதற்கு நுழைவே இல்லை.

2023 அக்டோபரில் வந்த ஆலன் வேக் 2 வேறு வழியில் பழைய கார்டுகளைத் திணறடித்தது. முக்கோணங்களைக் கூட்டம் கூட்டமாகக் கையாளும் மெஷ் ஷேடர் என்ற புதிய வசதியை நம்பி அது எழுதப்பட்டிருந்தது; 1080 டிஐ-இன் வன்பொருளில் அந்த வசதி இல்லை. 2024 மார்ச்சில் வந்த திருத்தம் பழைய கார்டுகளுக்கான பாதையைச் செப்பனிட்டபோது அதே கார்டு, அதே கேம், முன்னைவிடத் தெளிவாக வேகமாக ஓடியது. கார்டில் ஒரு டிரான்சிஸ்டர்கூட மாறவில்லை.

வரைந்த படமும் ஊகித்த படமும்

2025 ஜனவரியில் லாஸ் வேகஸ் மேடையில் என்விடியாவின் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு ஆர்டிஎக்ஸ் 4090-இன் செயல்திறனைத் தரும் என்று அறிவித்தார். 4090 என்பது 2022 அக்டோபரில் 1,599 டாலருக்கு வந்த உச்சக் கார்டு. 5070-இல் 6,144 கோர்கள், 4090-இல் 16,384. நினைவகம் 12 ஜிபிக்கு 24 ஜிபி. நினைவக வேகம் விநாடிக்கு 672 ஜிபிக்கு 1,008 ஜிபி. எந்த எண்ணை எடுத்தாலும் பழையது வெகு தூரம் முன்னால் நிற்கிறது.

அறிவிப்பின் அடியில் இருந்தது ஃபிரேம் உருவாக்கம் என்ற உத்தி. கார்டு முழுக் கணக்கோடு வரைந்த இரண்டு படங்களுக்கிடையே, நரம்பு வலை ஊகித்த படங்களைச் செருகுவது அது. 40 வரிசை ஒரு படத்தைச் செருகும். 50 வரிசை அறிமுகமானபோது 3 படங்கள்வரை செருகியது. கார்டு உண்மையில் விநாடிக்கு 40 படம் வரைந்தால் திரையில் 160 தெரியும். கண்ணுக்கு அது வழவழப்பான ஓட்டம்தான், அதில் பொய் இல்லை. கைக்குத்தான் வேறுபாடு தெரியும். மவுஸை அசைத்ததற்கான பதில், கார்டு வரையும் படத்தில்தான் முதலில் வர முடியும். அது 25 மில்லிவிநாடிக்கு ஒரு முறைதான் வருகிறது. செருகுவதற்கு அடுத்த படம் தயாராகும்வரை காத்திருக்கவும் வேண்டும் என்பதால் தாமதம் சற்றுக் கூடவே செய்யும். ஊகத்தை நிறுத்திவிட்டு இரண்டையும் ஓட்டினால் 4090 எளிதாக முந்திவிடுகிறது.

குறைந்த அளவில் வரைந்து பெரிய திரைக்கு நிரப்பும் உத்தி இதற்கு முந்தையது. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் இருக்கும் டென்சர் கோர்கள் என்ற தனிச் சுற்றுகளைக் கேட்கும். ஏஎம்டி 2021 ஜூனில் கொண்டுவந்த எஃப்எஸ்ஆர் எந்தத் தனிச் சுற்றையும் கேட்கவில்லை. போட்டி நிறுவனத்தின் கார்டான 1080 டிஐ-இலும் அது ஓடியது. பழைய கார்டு வைத்திருந்த பலருக்கு அது இன்னும் சில ஆண்டுகள் வாங்கித் தந்தது.

பெயரும் கேள்வித்தாளும்

எண் பெரிதாக இருந்தால் கார்டு புதியது, புதியது என்றால் வேகமானது என்று நம்பிப் பணம் கொடுத்தவர்கள் 2002-லேயே ஏமாந்திருக்கிறார்கள். அந்த ஆண்டு வந்த ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ், பெயரில் ஜீஃபோர்ஸ் 3-ஐத் தாண்டியது. உள்ளே இருந்ததோ பெரும்பாலும் ஜீஃபோர்ஸ் 2-இன் தொழில்நுட்பம். ஜீஃபோர்ஸ் 3-இல் வந்துவிட்ட நிரல் எழுதும் வசதி அதில் இல்லாததால், அதைக் கேட்ட கேம்கள் ‘மூன்றில்’ ஓடி ‘நான்கில்’ ஓடவில்லை. 2016-இல் ஜிடிஎக்ஸ் 1060 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்றன. 6 ஜிபி உள்ளதில் 1,280 கோர்கள், 3 ஜிபி உள்ளதில் 1,152. பெட்டியைப் பார்த்து நினைவகம் மட்டும்தான் குறைவு என்று நினைத்தவருக்கு ஆட்களும் குறைவு என்பது தெரிந்திருக்காது.

அளவுகோலையே வளைத்த சம்பவங்களும் உண்டு. 2001-இல் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 8500 கார்டில் குவேக் 3 கேமைச் சோதித்தவர்கள், கேமின் கோப்பில் ‘குவேக்’ என்ற பெயரைக் ‘குவாக்’ என்று மாற்றினார்கள். வேகம் குறைந்தது, படத்தின் தரம் கூடியது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் கேமின் பெயரைப் பார்த்து, அதற்கு மட்டும் படத் தரத்தைத் தாழ்த்தி வேகம் காட்டியிருக்கிறது.

2003 மே மாதம் 3டிமார்க் 03 என்ற சோதனை மென்பொருளைத் தயாரித்த ஃபியூச்சர்மார்க், என்விடியா டிரைவர் தங்கள் சோதனையை அடையாளம் கண்டு வேலையைக் குறைத்துக்கொள்கிறது என்று அறிவித்தது. சோதனையில் கேமரா எப்போதும் ஒரே பாதையில் போகும். அது திரும்பிப் பார்க்காத இடங்களை வரையாமலே விட்டுவிடலாம். உருவாக்குநர்களுக்கான பதிப்பில் கேமராவைப் பாதையை விட்டு நகர்த்தியதும் வெட்டி விட்ட இடங்கள் அலங்கோலமாகத் தெரிந்தன. டிரைவர் அடையாளம் காண முடியாதபடி சோதனையை மாற்றியபோது ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவின் மதிப்பெண் ஏறத்தாழ 24 சதவீதம் சரிந்தது. பிறகு இரு தரப்பும் கூட்டறிக்கை விட்டு, குற்றச்சாட்டின் சொல்லைத் தணித்துக்கொண்டன. ஆனால் மாறாத பாதை, மாறாத 969 ஃபிரேம்கள் என்ற குவேக் காலத்து எளிமைக்கு அத்தோடு முடிவு வந்தது. கேள்வித்தாள் முன்பே தெரிந்த தேர்வு அது. இன்று சோதிப்பவர்கள் 10, 20 கேம்களை எடுக்கிறார்கள்; பெரும்பாலும் தாங்களே விளையாடித் தேர்ந்தெடுத்த இடங்களில் அளக்கிறார்கள்.

உடைந்த கண்ணாடிச் சில்லுகள்

பழையது புதியதை முந்திய இன்னொரு சம்பவம் 2025-இல் நடந்தது. பொருள்கள் உடைவது, துணி அசைவது, புகை சுழல்வது ஆகியவற்றைக் கணக்கிடும் ஃபிஸ்எக்ஸ் என்ற தொழில்நுட்பத்தை, அதன் உரிமையாளரான ஏஜியா நிறுவனத்தோடு சேர்த்து 2008-இல் என்விடியா வாங்கியது. மிரர்ஸ் எட்ஜ், பேட்மேன் ஆர்க்கம் அசைலம், பார்டர்லேண்ட்ஸ் 2 போன்ற கேம்கள் அதைக் கார்டின் மேல் ஏற்றி ஓட்டின. இவை 32 பிட் காலத்துக் கேம்கள். 50 வரிசையில் என்விடியா 32 பிட் கணக்கு வசதியைக் கைவிட்டது. புகையும் கண்ணாடியும் மையச் செயலியின் தலையில் வந்து விழுந்தன; கண்ணாடி உடைகிற இடங்களில் ஓட்டம் நொண்டியது. 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 980 அப்படிப்பட்ட இடங்களில் ஆர்டிஎக்ஸ் 5080-ஐ முந்தியது.

2025 அக்டோபரோடு, 1080 டிஐ உள்ளிட்ட ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர்கள் நின்றன; 2028 அக்டோபர்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் என்றது என்விடியா. டிசம்பரில் புதிய கார்டுகளுக்கு வந்த ஒரு டிரைவர், தேர்ந்தெடுத்த சில பழைய கேம்களுக்கு ஃபிஸ்எக்ஸ் வசதியைத் திரும்பக் கொடுத்தது.

அதுவரை காத்திருக்க மனமில்லாத சிலர் தாங்களே ஒரு வழி கண்டிருந்தார்கள். கணினியைத் திறந்து, 50 வரிசைக் கார்டுக்குப் பக்கத்துச் செருகியில் முந்தைய தலைமுறையின் சிறிய கார்டு ஒன்றையும் மாட்டினார்கள். செட்டிங்கில் ஃபிஸ்எக்ஸ் வேலையை அதற்கு ஒதுக்கினார்கள். மிரர்ஸ் எட்ஜின் மொட்டைமாடிகளையும் வானத்தையும் புதிய கார்டு வரைந்தது. துப்பாக்கிக் குண்டு பட்டுச் சிதறிய கண்ணாடியில் எந்தச் சில்லு எங்கே போய் விழும் என்று பழைய கார்டு கணக்கிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது.